அதிர்வெண் வேறு, சுருதி வேறு

2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. பொழுது இன்னும் விடியவில்லை. மணி ஆறேகாலை நெருங்கும் நேரத்தில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் நிலம் நடுங்கியது. அளவு 4.1 என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. ஜொகூரைத் தாண்டி நெகிரி செம்பிலான், மலாக்கா, தென் பகாங் வரை அந்த ஆட்டம் உணரப்பட்டது. நிலநடுக்கம் என்றால் அது சுமத்ராக்காரர்களின் கவலை என்று இருந்த ஊர் இது. அடுத்து வந்த நாட்களில் சின்னச் சின்ன அதிர்வுகளும் சேர்ந்துகொள்ள, டுரியானுக்குப் பேர்போன சிகாமட் சில வாரம் நிலநடுக்கத்துக்காகப் பேசப்பட்டது.

இந்த அளவு நடுக்கத்தில் கட்டில் ஆடும், ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். உடம்பு உணரும் ஆட்டம் பெரும்பாலும் நொடிக்கு ஒன்றிலிருந்து பத்துப் பதினைந்து முறை வரைதான். ஆக, நிலநடுக்கத்துக்கு அதிர்வெண் உண்டு. நிலநடுக்கமானி அதைக் கோடாக வரைந்து காட்டும், எண்ணியும் சொல்லலாம். ஆனால் அது எந்தச் சுருதியில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடையாது. நொடிக்கு 20க்குக் கீழே போன அதிர்வை மனிதக் காது ஒரு ஸ்வரமாக எடுத்துக்கொள்வதில்லை. மையத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு ஓர் உறுமல் கேட்பதுண்டு. நிலத்தின் வேகமான அதிர்வுகள் கொஞ்சம் காற்றுக்குத் தாவுவதால் வரும் சத்தம் அது. அதையும் யாராலும் பாடிக் காட்ட முடியாது.

பள்ளிக்கூடத்தில் இவை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதிர்வெண் கூடினால் சுருதி கூடும், குறைந்தால் குறையும்; எழுதினால் முழு மதிப்பெண். தேர்வுக்கு அது போதும். ஆனால் அதிர்வெண் காற்றில் நடப்பது, சுருதி காதுக்குள் நடப்பது. வெப்பமானி 33 டிகிரி என்று காட்டுவதற்கும், உடம்பு "என்ன புழுக்கம்!" என்று சொல்வதற்கும் உள்ள உறவுதான் இவற்றுக்கும். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அவை பிரியும் இடங்களில்தான் காது எப்படி வேலை செய்கிறது என்பது வெளியே தெரியும். இந்த அத்தியாயம் முழுக்க அந்த இடங்களைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் சொற்களைக் கொஞ்சம் துலக்கி வைத்துக்கொள்வோம். அதிர்வெண்ணில் குழப்பமே இல்லை. ஒரு நொடியில் எத்தனை அதிர்வு, அவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பாடநூல் அதிர்வெண் என்கிறது, இலங்கைப் பாடநூல் மீடிறன் என்கிறது, நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அதையே ஃப்ரெகுவென்ஸி என்று மலாயில் படிக்கிறார்கள். அலகு ஹெர்ட்ஸ். அந்தப் பெயருக்குரிய ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் புகழ்பெற்றது ஒலியால் அன்று, மின்காந்த அலைகளால் என்பது ஒரு துணுக்குச் செய்தி.

சுருதிதான் வம்பு. இந்தச் சொல்லுக்கு இசைக்காரர்களிடம் குறைந்தது இரண்டு பொருள் புழங்குகிறது. "சுருதி சேர்த்தாச்சா?" என்றால் தம்புராவோ சுருதிப் பெட்டியோ பிடித்து நிற்கும் ஆதார ஸ்வரம். "இருபத்திரண்டு சுருதி" என்றால் ஒரு ஸ்தாயிக்குள் காது பிரித்தறியும் நுண்ணிய படிகள். பரதரின் நாட்டிய சாஸ்திரம் அந்தப் படிகளை எண்ணால் அளக்கவில்லை. ஒரே மாதிரி சேர்த்த இரண்டு வீணைகளில் ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதைச் சிறிது சிறிதாக இறக்கி, எந்த ஸ்வரம் எதனோடு போய்ப் பொருந்துகிறது என்று காதால் பார்க்கச் சொல்கிறது. அந்த இருபத்திரண்டோடு மோதியவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். இருபத்திரண்டு கணக்குக்கு ஒத்து வராது, இருபத்துநான்குதான் என்று 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் வாதாடினார். 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அறிவியல் பட்டதாரி. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற பழந்தமிழ் ஏழுக்கும் விகிதக் கணக்குச் சொல்லி அவர் எழுதிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. இருவரும் செய்த வேலை ஒன்றுதான்: காதில் கேட்பதற்கு எண் தேடினார்கள். முடிவுகள் ஒத்துப் போகவில்லை என்பது வேறு கதை.

பாடநூல் சொல்லும் சுருதி மூன்றாவது பொருள். ஓர் ஒலி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தோன்றும் அந்த உயரம். நான் இங்கே பேசுவது இதைத்தான். ஒன்று சொல்ல வேண்டும்: 'சுருதி' என்ற வடசொல்லின் வேர்ப்பொருளே 'கேட்கப்படுவது'. இந்த உயரத்துக்கு அந்தப் பெயரைப் பொறுக்கிப் போட்டவர் யாரானாலும் காரியக்காரர்.

இனி கட்டைக்கு வருவோம். "என்ன சுருதி?" என்று கேட்டால் பாடகர் ஹெர்ட்ஸ் சொல்லமாட்டார். ஒரு கட்டை, இரண்டரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்பார். ஹார்மோனியத்தின் கட்டைகளை வைத்து வந்த கணக்கு இது. வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண், நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகளுக்கு அரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டைச் சுருதி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஒரு கட்டை என்பது இன்றைய கணக்கில் நொடிக்கு ஏறத்தாழ 261.6 அதிர்வு, ஐந்தரை என்பது 415.3. ஆண் குரல் அதே பெயரை ஒரு ஸ்தாயி கீழே, பாதி எண்ணில் எடுத்துக்கொள்ளும். பெயர் ஒன்று, எண் பாதி. யாருக்கும் அது தவறாகப் படுவதில்லை.

'இன்றைய கணக்கில்' என்று சொல்லக் காரணம் உண்டு. ஆறாம் கட்டைக்கு 440 என்ற எண் 1955இல்தான் உலகத் தர அமைப்பின் பரிந்துரையானது. 1859இல் பிரான்ஸ் சட்டம் போட்டு அதை 435 என்று வைத்திருந்தது. இசையமைப்பாளர் ஹாண்டெலுடையது என்று சொல்லப்படும் இசைக்கவை 422.5 காட்டுகிறது. ஸ்வரத்தின் பெயர் அப்படியே இருக்க, எண் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கர்நாடக இசைக்கோ இந்தத் தகராறே கிடையாது. ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தை (ஸா) எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மற்ற ஆறும் அதிலிருந்து எத்தனை மடங்கு என்பதுதான் பேச்சு. பஞ்சமம் (பா) ஒன்றரை மடங்கு. ஷட்ஜம் 200 என்றால் பஞ்சமம் 300, ஷட்ஜம் 240 என்றால் பஞ்சமம் 360. கூடுதல் ஒரு தடவை 100, இன்னொரு தடவை 120. காதுக்கோ இரண்டும் ஒரே தூரம். கருவி கூட்டல் கணக்குப் போடுகிறது, காது பெருக்கல் கணக்குப் போடுகிறது.

இந்த இடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வரலாம். சிகாமட்டில் காலை முகூர்த்தம் குளிரூட்டிய மண்டபத்தில், பிறகு ஊர்வலம் வெயிலில் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் ஒலியின் வேகம் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். 22 டிகிரி மண்டபத்தில் சுமார் 345 மீட்டர், 32 டிகிரி தெருவில் சுமார் 351. நாகஸ்வரக் குழலின் நீளம் மாறவில்லை, வேகம் கூடிவிட்டது, அதனால் அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் ஏறும். ஏறத்தாழ 1.7 விழுக்காடு. அரை ஸ்வரத் தூரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அது, நல்ல காதுக்கு உறுத்தும். நாகஸ்வரத்துக்குள் ஓடுவது வாசிப்பவரின் வெதுவெதுப்பான மூச்சு என்பதால் நடைமுறையில் மாற்றம் இதைவிடக் குறையும். ஊதுமுனையான சீவாளியை உதட்டால் அழுத்தி மிச்சத்தையும் அவர் சரிக்கட்டிவிடுவார். சரிக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் இங்கே செய்தி.

முன்பு நாகஸ்வரக் கோஷ்டியில் ஒத்து ஊதுபவர் ஒருவர் இருப்பார். அவருடைய வேலை ஆதார ஸ்வரத்தை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. ஒத்தும் காற்றுக் கருவி. வெயில் ஏறினால் நாகஸ்வரம் ஏறும், ஒத்தும் கூடவே ஏறும். இரண்டின் அதிர்வெண்ணும் மாறியிருக்கும், சுருதி மட்டும் சேர்ந்தே இருக்கும். இன்று ஒத்தின் இடத்தில் மின்சாரச் சுருதிப் பெட்டியோ கைப்பேசிச் செயலியோ உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வெயிலும் ஒன்று, குளிரும் ஒன்று. அதன் எண் அசையாது. அசையாததாலேயே நாகஸ்வரம் அதைவிட்டு விலகிப் போகிறது. அதிர்வெண் மாறாமல் நின்ற இடத்தில் சுருதி கெடுகிறது, மாறிய இடத்தில் சேர்ந்திருக்கிறது. ஒத்து ஊதுபவரை நிறுத்தியதில் சம்பளம் மிச்சம், சங்கீதத்துக்கு நஷ்டம் என்பது என் கட்சி.

இதுவரை பார்த்ததை எல்லாம் "அது சேர்க்கையின் கோளாறு, சுருதிக்கும் அதிர்வெண்ணுக்கும் சண்டை இல்லை" என்று ஒதுக்கிவிடலாம். அடுத்ததை ஒதுக்க முடியாது.

ஓர் ஆண் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை அதிர்வெண் நொடிக்கு 120 என்று வைத்துக்கொள்வோம். குரல்நாண் ஒற்றை அதிர்வை மட்டும் வெளியே விடுவதில்லை. 120, 240, 360, 480, 600 என்று அதன் மடங்குகள் வரிசையாக வரும். இவற்றுக்குத் தமிழில் இசைச்சுரங்கள், கிளைச்சுரங்கள் என்று பல பெயர் உண்டு. மடங்குகள் என்றே சொல்லிக்கொண்டு போகலாம். பழைய தொலைபேசிக் கம்பி 300இலிருந்து 3,400 வரை உள்ள அதிர்வுகளை மட்டுமே கொண்டுபோகும். அப்படியானால் 120ம் 240ம் வழியிலேயே நின்றுவிட்டன. சிங்கப்பூரில் இருக்கும் மகன் சிகாமட்டுக்குப் போன் போட்டால் அம்மாவின் காதுக்கு வந்து சேர்வது 360க்கு மேற்பட்டவை மட்டும். மகனுடைய குரல் மூன்று மடங்கு உயர்ந்து கீச்சென்று ஒலித்திருக்க வேண்டும். அப்படி ஒலிக்கவில்லை. அதே கட்டைக் குரல். காற்றில் 120 என்ற அதிர்வே இல்லை, காதில் 120க்குரிய சுருதி கேட்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது. ஜெர்மானியர் ஆகஸ்ட் ஸேபெக், ஓட்டை போட்ட வட்டத்தகட்டைச் சுழற்றி அதன்மேல் காற்றை ஊதி ஒலி எழுப்பும் கருவியோடு 1841இல் சோதனைகள் செய்தார். அடிப்படை அதிர்வு மிக மெலிந்திருந்தபோதும் அதன் சுருதி பலமாகக் கேட்டது. மின்தடை விதிக்குப் பெயர் கொடுத்த அதே கேயோர்க் ஓம், 1843இல் மறுத்தார். காது ஒவ்வோர் அதிர்வையும் தனித்தனியாகப் பிரித்தே கேட்கிறது, இல்லாத அதிர்வு கேட்காது, ஸேபெக்குக்குக் கேட்டது மயக்கம் என்றார். 1863இல் ஒலியைப் பற்றிய தன் பெரும் நூலை வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஓமின் பக்கம் நின்றார். பெரியவர் தீர்ப்புச் சொன்ன பிறகு யார் பேசுவது? ஸேபெக் அதற்குள் இறந்தும் போயிருந்தார். பல பத்தாண்டு கழித்து, 1938ஐ ஒட்டிய ஆண்டுகளில், நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் யான் ஸ்கௌட்டன் அடிப்படை அதிர்வை அறவே நீக்கிவிட்டுக் கேட்டார். சுருதி போகவில்லை. 1954இல் அமெரிக்கர் லிக்லைடர் இன்னொரு படி போனார். அந்த அடிப்படை அதிர்வு காதுக்குள்ளேயே ஏதோ ஒரு வகையில் உண்டாகிறதோ என்ற சந்தேகத்துக்காக, அந்தத் தாழ்ந்த அதிர்வெண் பகுதியை இரைச்சல் போட்டு மூடினார். அப்போதும் சுருதி கேட்டது. ஸேபெக் கேட்டது சரிதான்.

360, 480, 600 என்று ஒரு வரிசை வந்தால், இவை எல்லாம் 120இன் பிள்ளைகள் என்று மூளை கண்டுபிடித்துவிடுகிறது. தகப்பனை நேரில் பார்க்கத் தேவையில்லை. கைப்பேசியின் கட்டைவிரல் அகல ஒலிபெருக்கியில் இளையராஜா பாட்டின் பேஸ் கிடார் கேட்பதுபோல் இருப்பதற்கும் இதுவே காரணம். அந்த ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வை எழுப்ப இயலாது.

சரி, பிள்ளைகள் ஒரு குடும்பத்தவராக இல்லாவிட்டால்?

அதற்கு மத்தளங்களைப் பார்க்க வேண்டும். வட்டமான ஒரு தோலை இழுத்துக் கட்டித் தட்டினால், அதன் மிகத் தாழ்ந்த அதிர்வு 100 என்று கொண்டால், அடுத்தவை 159, 214, 230, 265, 292 என்று வரும். எதுவும் எதற்கும் மடங்கு அல்ல. மூளைக்குத் தகப்பன் கிடைப்பதில்லை, அதனால் சுருதியும் கிடைப்பதில்லை. 'டொம்' என்று ஒரு சத்தம், உயரமா தாழ்வா என்று தோராயமாகச் சொல்லலாம், அவ்வளவுதான். பறையை நெருப்பில் காய்ச்சினால் தோல் இறுகி எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் மேலே போகும். சத்தம் கணீரென்று வரும், சுருதி வராது.

மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் நடுவே ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது. கரணை என்பார்கள், சோறு என்றும் சொல்வார்கள். கிட்டான் கல்லை இடித்துச் சலித்த பொடியையும் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய பூச்சு ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றையும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்துப் போடுவது. நடுவில் கனம், ஓரத்துக்குப் போகப் போக மெலிவு. இந்தக் கனம் தோலின் ஒவ்வோர் அதிர்வையும் வெவ்வேறு அளவில் மெதுவாக்குகிறது. எவ்வளவு மெதுவாக்க வேண்டுமோ அவ்வளவு. 159 போன்ற தாறுமாறான எண்கள் நகர்ந்து வந்து 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளில் உட்கார்ந்துகொள்கின்றன.

இதை முதலில் அறிவியல் உலகத்துக்குச் சொன்னவர் சி. வி. ராமன். கல்கத்தாவில் இருந்தபோது, சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒளிச்சிதறலுக்கு நோபல் வாங்கிய பிறகும் அவர் மத்தளத்தை விடவில்லை. 1934இல் விரிவாக எழுதினார். தோலின் மேல் மணலைத் தூவி, வெவ்வேறு இடத்தில் விரலை வைத்து மீட்டி, மணல் எங்கே ஒதுங்கிக் கோடாக நிற்கிறது என்று பார்த்தார். அதிராத இடங்களில்தான் மணல் தங்கும். தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்தே மடங்குகளாகக் கூடிக்கொள்கின்றன என்று அந்தக் கோடுகளிலிருந்து காட்டினார். ஒன்பது அதிர்வெண் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து, அந்த ஐந்துக்கும் சேர்ந்து ஒரே சுருதி.

ராமனுக்குக் கிடைத்த பெருமை கரணை போட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. எத்தனை பூச்சு, எந்த இடத்தில் எவ்வளவு மெலிவு என்று காதாலும் கட்டைவிரலாலும் தேடிக் கண்டுபிடித்தவர்கள், தோலோடு வேலை செய்ததாலேயே தள்ளி வைக்கப்பட்ட குடும்பத்தினர். அவர்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அதிர்வெண் என்ற சொல்லே அறியாமல் அதிர்வெண்களை வரிசையில் நிறுத்திய பொறியாளர்கள் அவர்கள். சுருதி என்ற சொல் மட்டும் அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

இன்னொரு கோடியில் உருமி. தைப்பூசத்துக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் மலேசியாவில் உருமி மேளம் இல்லாமல் காவடி நகராது. இடை சுருங்கிய இரட்டை முகக் கருவி. ஒரு முகத்தில் அடி, மறு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பு. குச்சி தோலைப் பிடித்து இழுக்கும், தோல் வழுக்கி விடுபடும், மறுபடி பிடிக்கும். வயலின் வில் தந்தியிடம் செய்யும் அதே வேலை. ஆகவே இங்கே ஒரு சீரான அதிர்வு பிறக்கிறது, அதற்குச் சுருதியும் கேட்கிறது. ஆனால் தேய்ப்பவர் அழுத்தத்தைக் கூட்டக் கூட்டத் தோல் இறுகி அதிர்வெண் மேலே ஓடும், விட்டால் கீழே விழும். சுருதி ஓர் இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த உறுமலில்தான் அருள் வருகிறது என்பவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. சங்கீத சபாவில் உட்கார்ந்தவர் "உருமிக்குச் சுருதி ஏது?" என்பார். இருக்கிறது ஐயா, நிற்கத்தான் மாட்டேன் என்கிறது.

இனி மேல் எல்லைக்குப் போவோம். நல்ல காதுள்ள இளைஞருக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பியானோவின் கடைசிக் கட்டை 4,186இல் நின்றுவிடுகிறது என்பது அத்தனை பேருக்குத் தெரியாது. அதற்கு மேலே கட்டை வைக்காததற்குக் கஞ்சத்தனம் காரணம் அல்ல. 5,000ஐத் தாண்டினால் ஒலி கேட்கும், உயர்ந்தது என்றும் தோன்றும், ஆனால் அதில் ஒரு மெட்டை வாசித்தால் என்ன மெட்டு என்று பிடிபடாது. அந்தி சாய்ந்ததும் செம்பனைத் தோட்டத்தில் கத்தும் பூச்சிகளில் சிலவற்றின் ஒலி இந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. 'கீ' என்று நீளும் அதைப் பாடிக் காட்டு என்றால் எந்தப் பாகவதராலும் ஆகாது. காது நரம்புகள் அதிர்வோடு தாளம் தவறாமல் துடிக்கக்கூடிய வேகம் நொடிக்கு நாலாயிரம் ஐயாயிரத்தோடு முடிந்துபோகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். ஆக, கீழே 20, மேலே 5,000. அதிர்வெண் இரண்டு பக்கமும் எல்லையில்லாமல் நீள்கிறது. ஸ்வரம் நடுவில் ஒரு துண்டில் மட்டுமே வாழ்கிறது.

ஒரே அதிர்வெண் இரண்டு சுருதியாகக் கேட்பதும் உண்டு. சுத்தமான ஒற்றை அதிர்வு ஒன்றை எடுத்து, எண்ணை மாற்றாமல் சத்தத்தை மட்டும் கூட்டினால், தாழ்ந்த ஒலிகள் இன்னும் தாழ்ந்தும் உயர்ந்த ஒலிகள் இன்னும் உயர்ந்தும் கேட்கும் என்று ஹார்வர்டின் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1935இல் காட்டினார். பாட்டிலும் வாத்தியத்திலும் மடங்குகள் கலந்திருப்பதால் இந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. இதைவிட விசித்திரம், வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசிபைன் என்ற மாத்திரை. அதைச் சாப்பிட்ட சிலருக்கு உலகத்து இசை எல்லாம் ஏறத்தாழ அரை ஸ்வரம் இறங்கிக் கேட்டதாக மருத்துவ இதழ்களில், குறிப்பாக ஜப்பானிலிருந்து, பதிவுகள் உண்டு. கேட்ட மாத்திரத்தில் ஸ்வரத்தின் பெயர் சொல்லக்கூடிய காதுள்ளவர்களே அதைக் கண்டுபிடித்தார்கள். மற்றவர்களுக்கு ஒப்பிட எதுவுமில்லை. மருந்து நின்றதும் சுருதி பழைய இடத்துக்கு வந்தது. பியானோவில் ஒரு தந்திகூட அசையவில்லை.

கடைசியாக ரயில். 2025 மார்ச்சில் இ.டி.எஸ். மின்சார ரயில் சிகாமட் வரை ஓடத் தொடங்கியது. அதன் உச்ச வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 39 மீட்டர். ஊருக்கு வெளியே தண்டவாள வேலிக்குப் பக்கத்தில் நின்று, அந்த வேகத்தில் ஒரு ரயில் ஒலிப்பானை அழுத்தியபடி கடந்து போவதைக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பான் 400 அதிர்வு என்றால், வரும்போது உங்கள் காதுக்கு 450, தாண்டிப் போகும்போது 360. இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றேகால். அது ஷட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள தூரம். ரயில் உங்களைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில் கா-விலிருந்து ஸா-வுக்கு இறங்குகிறது. வண்டிக்குள் இருப்பவருக்கு அப்போதும் 400தான்.

இது டாப்ளர் விளைவு. 1845இல் டச்சுக்காரர் பைஸ் பாலோட் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகப் பிடிக்கும். கடந்து போகும் ஒலியின் அதிர்வெண்ணை நேரடியாக எண்ணும் கருவி ஏதும் கையில் இல்லாத காலம். ஊதுகொம்புக்காரர்களை ரயிலில் ஏற்றி ஊதச் சொன்னார், உத்ரெக்ட் அருகே தண்டவாள ஓரத்தில் நல்ல காதுள்ள இசைக்காரர்களை நிறுத்தி ஸ்வரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று சொல்லச் சொன்னார். கணக்கோடு ஒத்து வந்தது. சுருதியை வைத்து அதிர்வெண்ணை அளந்த சோதனை இது.

ஆனால் அதே ரயில் காதை ஏமாற்றவும் செய்யும். ரயில் நெருங்க நெருங்கச் சுருதி ஏறிக்கொண்டே வந்து பிறகு விழுகிறது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். உண்மையில் ஏறுவதே இல்லை. தூரத்தில் இருக்கும்போதே 450ஐ ஒட்டி இருக்கிறது. நெருங்கும்போது முதலில் மிக மெதுவாக இறங்குகிறது, கடக்கும்போது சடாரென்று விழுகிறது. ஏறுவது சத்தம் மட்டும். சத்தம் கூடுவதைக் காது சுருதி கூடுவதாக எடுத்துக்கொள்கிறது. இதை 1996இல் அமெரிக்கர்கள் ஜான் நியூஹாஃபும் மைக்கேல் மெக்பீத்தும் சோதனை வைத்துக் காட்டினார்கள். எண் இறங்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் சுருதி ஏறிக்கொண்டிருந்ததாகக் கேட்டவர்கள் சொன்னார்கள். பாடநூல் விதி நேர்த் தலைகீழாகும் இடம் இது.

பாடநூல் எழுதுபவர்களிடம் அதனால் ஒரு வேண்டுகோள். 'ஒலியின் சுருதி அதன் அதிர்வெண்ணைப் பொறுத்தது' என்ற வரியை எடுக்க வேண்டாம், 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லை அதில் சேருங்கள். அந்தச் சொல் ஏன் வந்தது என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கும். கேட்டால் ஒரு கைப்பேசியை எடுத்து, ஆண் குரல் ஒன்றை அதன் சின்ன ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினால் போதும்.